முழு வன்தட்டும் காலி என்று ஜிபார்டெட் காட்டினால்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்த பிறகு, பழைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்து, "விண்டோஸ் இருக்கட்டும், கூடவே லினக்ஸும் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்பவர்கள் எங்கள் வட்டாரத்தில் கூடியிருக்கிறார்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி அந்தக் கணினிகளில் இல்லை. மற்றபடி திரையும் விசைப்பலகையும் நினைவகமும் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும் நிலையில்தான் இருக்கின்றன. அவற்றில் பலவும் பழைய எம்பிஆர் முறையில் பார்ட்டிஷன்கள் என்ற பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட வன்தட்டுகளைக் கொண்டவை. கை மாறிக் கை மாறி, வெவ்வேறு மென்பொருள்களால் வெட்டியும் ஒட்டியும் வைக்கப்பட்டவை. அத்தகைய கணினிகளில் திரும்பத் திரும்பத் தென்படும் ஒரு கோளாறை இங்கே விரிவாக எழுதுகிறேன். விண்டோஸ் பூட் ஆகிறது, முன்பே போட்டிருந்த லினக்ஸும் பூட் ஆகிறது, கோப்புகள் எல்லாம் திறக்கின்றன. ஆனால் நிறுவாமலே லினக்ஸை இயக்கும் லைவ் யுஎஸ்பியில் ஏற்றி, பார்ட்டிஷன்களைக் காட்டித் திருத்தும் ஜிபார்டெட் மென்பொருளைத் திறந்தால், முழு வன்தட்டும் யாருக்கும் ஒதுக்கப்படாத வெற்றிடம் என்று ஒரே சாம்பல் நிறப் பட்டையாகத் தெரிகிறது.

அந்தப் பட்டையை நம்பிப் புதிய பார்ட்டிஷன் அட்டவணையை உருவாக்கிவிடுவதுதான் இந்த நிலையில் நேரக்கூடிய பெரிய கேடு. கோளாறு வந்ததால் கோப்புகளை இழந்தவர்களைவிட, அதைச் சரிசெய்யும் அவசரத்தில் இழந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வன்தட்டில் ஒரு பைட் எழுதுவதற்கு முன்பும், இருப்பதை முழுமையாகப் படித்து, அதை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டால், பார்ட்டிஷன் சிக்கல்களில் பெரும்பாலானவை அச்சப்பட வேண்டியவையே அல்ல.

வன்தட்டின் இடம் செக்டர் என்ற சிறு துண்டுகளாக எண்ணப்படுகிறது. எம்பிஆர் என்பது அதன் முதல் செக்டர். அதன் 512 பைட்டுகளில் முதல் 446 பைட்டுகள் பூட் நிரலுக்கு உரியவை. அடுத்த 64 பைட்டுகள்தான் பார்ட்டிஷன் அட்டவணை. கடைசி 2 பைட்டுகள் அடையாளக் குறி. ஒரு பதிவுக்கு 16 பைட்டுகள் என்பதால் அந்த 64 பைட்டுகளில் நான்கு பதிவுகளுக்குத்தான் இடம் உண்டு. 1983-இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்த இந்த ஏற்பாட்டில், நான்கு பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் கூடாது என்ற வரம்பு வந்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. ஒவ்வொரு பதிவும் முக்கியமாகச் சொல்வது மூன்றே செய்திகள்: இந்தப் பார்ட்டிஷன் எந்த வகை, எந்தச் செக்டரில் தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம். நான்குக்கு மேல் வேண்டியவர்கள் ஒன்றை எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனாக ஆக்கி, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களை வைத்துக்கொள்கிறார்கள். அந்த லாஜிக்கல்களின் விவரம் முதல் செக்டரில் இருப்பதில்லை. எக்ஸ்டெண்டடுக்குள்ளேயே ஆங்காங்கே தனித்தனிச் செக்டர்களில், ஒன்று அடுத்ததைச் சுட்டும் சங்கிலியாக எழுதப்பட்டிருக்கிறது. லினக்ஸ் அவற்றுக்கு எப்போதும் 5-இலிருந்து எண் கொடுக்கிறது.

பட்டாவில் எல்லை அளவைத் தவறாக எழுதிவிட்டதால் வீடு இடிந்துவிடுவதில்லை. அட்டவணையில் ஓர் எண் பிசகியிருப்பதும் அப்படித்தான். கோப்புகள் அதே செக்டர்களில் அப்படியே இருக்கின்றன.

அண்மையில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் கொண்டுவந்த லேப்டாப்பை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். 500 ஜிபி வன்தட்டு. விண்டோஸ் 7-இலிருந்து 10-க்கு மேம்படுத்தப்பட்டது. கூடவே ஒரு பழைய உபுண்டு. அதற்குப் பதிலாகப் புதிய பதிப்பை நிறுவப் போனபோது, நிறுவி மென்பொருள் வன்தட்டில் எந்த இயங்குதளமும் இல்லை என்று கூறியதால் அவர் அங்கேயே நிறுத்திவிட்டு வந்திருந்தார். நிறுத்தியது மிக நல்ல முடிவு. வினாத்தாள்கள், மாணவர் பட்டியல்கள், குடும்பப் படங்கள் எல்லாம் அதில் மட்டுமே இருந்தன. விண்டோஸ் இன்னும் பூட் ஆகிக்கொண்டிருந்ததால், முதல் வேலையாக அதற்குள்ளேயே போய் எல்லாவற்றையும் வெளி வன்தட்டு ஒன்றுக்கு நகலெடுத்தோம். இது சலிப்பூட்டும் வேலை. ஆனால் இயங்குதளங்கள் இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேக்கப் எடுக்கக் கிடைக்கும் வாய்ப்பு எப்போதும் வாய்ப்பதில்லை.

அதன்பிறகு லைவ் யுஎஸ்பியில் ஏற்றினேன். ஜிபார்டெட்டில் அந்தச் சாம்பல் பட்டைக்குப் பக்கத்தில் சிறிய எச்சரிக்கைச் சின்னம் ஒன்று இருக்கும். பலர் அதைக் கவனிப்பதில்லை. அந்த வரியில் வலது கிளிக் செய்து தகவல் பகுதியைத் திறந்தால், வன்தட்டின் எல்லைக்கு வெளியே ஒரு பார்ட்டிஷன் இருக்க முடியாது என்ற செய்தி தெளிவாக எழுதியிருந்தது. வேறு சில கணினிகளில் இதே இடத்தில், பார்ட்டிஷன்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய முடியாது என்ற செய்தி வரும். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: அட்டவணை காலியாக இல்லை, அதில் முரண்பாடு இருக்கிறது. ஜிபார்டெட் சார்ந்திருக்கும் லிப்பார்டெட் என்ற நூலகம், ஒரு பதிவு முரண்பட்டாலும் முழு அட்டவணையையும் ஏற்க மறுத்துவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோ ஒவ்வொரு பதிவையும் தனித்தனியே படித்து, பயன்படுவதைப் பயன்படுத்திக்கொள்கிறது. அதனால்தான் கணினி பூட் ஆகும்போதே ஜிபார்டெட் காலி என்கிறது. கண்டிப்பாக இருப்பது சரிதான். ஆனால் படிக்க முடியாத அட்டவணையையும் உண்மையிலேயே காலியாக உள்ள இடத்தையும் ஒரே நிறத்தில், ஒரே பெயரில் காட்டுவது பயனருக்கு ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து.

இனி எண்களைப் பார்க்க வேண்டும். டெர்மினலில் எஃப்டிஸ்க் கருவியைப் பட்டியலிடும் முறையில் இயக்கினால், அது எதையும் எழுதாமல் அட்டவணையை மட்டும் காட்டும். அந்த வன்தட்டில் மொத்தம் 976773168 செக்டர்கள் இருந்தன. எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் கடைசிச் செக்டரின் எண் 976773167. முதல் பார்ட்டிஷன் விண்டோஸின் 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டு. 2048-இல் தொடங்கி 206847-இல் முடிந்தது. இரண்டாவதான சி டிரைவ் 206848-இலிருந்து 409806847 வரை. மூன்றாவதான எக்ஸ்டெண்டட் 409806848-இல் தொடங்கி 976784129-இல் முடிவதாக எழுதியிருந்தது. கோளாறு இதுதான். வன்தட்டே 976773167-இல் முடிந்துவிடும்போது, எக்ஸ்டெண்டட் அதைத் தாண்டி 10962 செக்டர்கள், அதாவது ஐந்து எம்பிக்குச் சற்று கூடுதலாக, இல்லாத இடத்துக்குள் நீண்டிருந்தது. 500 ஜிபியும் காலி என்று காட்டியதற்கு இந்த ஐந்து எம்பிதான் காரணம்.

எங்கிருந்து வந்தது இந்த எண்? 976784130 என்பதை 16065-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 60802 வருகிறது. 255 தலைகள், ஒவ்வொன்றுக்கும் 63 செக்டர்கள் என்ற பழைய கணக்கின்படி ஒரு சிலிண்டர் என்பது 16065 செக்டர்கள். அந்த வன்தட்டில் முழுமையான சிலிண்டர்கள் 60801. அதற்குப் பிறகு ஒரு துண்டு மிச்சம். பார்ட்டிஷன்களைச் சிலிண்டர் எல்லையில் முடிக்க வேண்டும் என்ற பழைய வழக்கத்தைப் பின்பற்றிய ஏதோ ஒரு மென்பொருள், அந்தத் துண்டையும் முழுச் சிலிண்டராகக் கணக்கிட்டு மேல்நோக்கி முழுமையாக்கி எழுதியிருக்கிறது. இப்படி வகுத்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டுகொள்வது வெறும் ஆர்வத்துக்காக அன்று; எழுதப்பட்ட எண் எப்படித் தவறியது என்று தெரிந்தால்தான், சரியான எண் எது என்பதில் நமக்கு நம்பிக்கை வரும்.

எல்லை மீறியது எக்ஸ்டெண்டட் மட்டும்தானா, அதற்குள் இருக்கும் பார்ட்டிஷன்களுமா என்பது அடுத்த கேள்வி. உள்ளே மூன்று லாஜிக்கல்கள் இருந்தன: விண்டோஸின் டி டிரைவ், உபுண்டுவின் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4, கடைசியாக, நினைவகம் போதாதபோது பயன்படும் ஸ்வாப். ஸ்வாப் 976771071-இல் முடிந்தது; அதாவது வன்தட்டுக்குள்ளேயே. ஆகவே எக்ஸ்டெண்டடின் நீளத்தைக் குறைத்தால் மட்டும் போதும், உள்ளே எதையும் தொட வேண்டியதில்லை. ஒருவேளை கோப்புகள் உள்ள பார்ட்டிஷனே எல்லை மீறியிருந்தாலோ, இரண்டு பார்ட்டிஷன்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தாலோ, அட்டவணையை நம்பி வெட்டக்கூடாது. கோப்பு முறைமை தன் அளவைத் தானே எழுதி வைத்திருக்கிறது, அதைக் கேட்க வேண்டும். இஎக்ஸ்டி4-க்கு டம்ப்இ2எஃப்எஸ் கருவி மொத்த பிளாக்குகளின் எண்ணிக்கையையும் பிளாக்கின் அளவையும் சொல்லும். பெருக்கினால் உண்மையான நீளம் கிடைக்கும். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸில் அதன் பூட் செக்டரிலேயே மொத்தச் செக்டர்கள் பதிவாகியிருக்கும்; பார்ட்டிஷனின் கடைசிச் செக்டரில் பூட் செக்டரின் மறுநகல் இருப்பதால், அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த அளவுக்கு வெளியே இருப்பதை வெட்டலாம். உள்ளே கை வைக்கக்கூடாது.

அட்டவணையின் நகலைப் பொறுத்தவரை, டிடி கட்டளையால் முதல் 512 பைட்டுகளை எடுத்து வைத்தால் போதும் என்ற அறிவுரை எங்கும் பரவியிருக்கிறது. லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் உள்ள வன்தட்டுக்கு அது போதாது. மேலே சொன்ன சங்கிலிச் செக்டர்கள் அந்த நகலில் இருக்காது. எஸ்எஃப்டிஸ்க் கருவியின் டம்ப் வசதி, பிரைமரியும் லாஜிக்கலுமாக எல்லாப் பதிவுகளையும் சாதாரண உரைக்கோப்பாகக் கொடுத்துவிடும். அந்தக் கோப்பைப் பென் டிரைவில் ஒரு பிரதியும், சரிசெய்யப் போகும் வன்தட்டுக்குத் தொடர்பில்லாத வேறோர் இடத்தில் இன்னொரு பிரதியும் வைக்க வேண்டும். லைவ் யுஎஸ்பியின் முகப்புக் கோப்புறையில் வைத்தால் மறுதொடக்கத்தில் அது மறைந்துவிடும்.

அந்த உரைக்கோப்பின் இன்னொரு பிரதியை எடிட்டரில் திறந்தேன். எக்ஸ்டெண்டடுக்கான வரியில் தொடக்கம் 409806848, அளவு 566977282 என்று இருந்தது. வன்தட்டின் மொத்தச் செக்டர்களிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் 566966320. அளவை அப்படி மாற்றினேன். வேறெந்த எழுத்தையும் தொடவில்லை. எழுதுவதற்கு முன் அந்த வன்தட்டில் எதுவும் மவுண்ட் ஆகி, அதாவது பயன்பாட்டில் திறந்து, இருக்கக்கூடாது. லைவ் அமர்வுகள் சில, வன்தட்டில் கண்ட ஸ்வாப்பைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் என்பதால் அதையும் நிறுத்திவிட வேண்டும். பிறகு திருத்திய கோப்பை எஸ்எஃப்டிஸ்க்குக்கே உள்ளீடாகக் கொடுத்தேன். மேலெழுதப் போகும் செக்டர்களைக் கோப்பாகச் சேமித்துவிட்டு எழுதும் விருப்பத் தேர்வும் அந்தக் கருவியில் உண்டு. அதையும் தவறாமல் சேர்த்துக்கொள்வேன்.

ஜிபார்டெட்டைப் புதுப்பித்தவுடன் பட்டை நிறங்களாகப் பிரிந்து, எல்லாப் பார்ட்டிஷன்களும் பெயரோடும் அளவோடும் தெரிந்தன. இஎக்ஸ்டி4-ஐ எழுதாமல் சோதிக்கும் முறையில் ஒருமுறை சரிபார்த்தேன். என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன்களை விண்டோஸுக்குள் போய் சிஹெச்கேடிஸ்க்கால் சோதித்தோம். என்டிஎஃப்எஸ்ஸின் பழுதுகளை லினக்ஸிலிருந்து சரிசெய்ய முயல்வதை நான் எப்போதும் தவிர்க்கிறேன். அதற்குரிய முழுமையான கருவி விண்டோஸிடம்தான் இருக்கிறது.

எஃப்டிஸ்க் சொல்லும் எல்லா எச்சரிக்கையும் கோளாறு அன்று என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பார்ட்டிஷன் சிலிண்டர் எல்லையில் முடியவில்லை என்று பழைய பதிப்புகள் சொல்வதும், பதிவுகள் வன்தட்டின் வரிசைப்படி இல்லை என்று சொல்வதும் தீங்கற்றவை. விஸ்டா காலத்திலிருந்து பார்ட்டிஷன்கள் 2048 செக்டர், அதாவது 1 எம்பி கணக்கில் தொடங்குகின்றன; சிலிண்டர் எல்லைக்கு இன்று எந்தப் பொருளும் இல்லை. வரிசையைச் சரிசெய்யப் போனால் எண்கள் மாறி, நன்றாக இருந்த பூட்டும் நின்றுவிடக்கூடும்.

கணினி தொடங்கும்போது எந்த இயங்குதளம் என்று கேட்கும் மெனுவைத் தருவது கிரப். எண்கள் மாறுவதால் வரும் சிக்கல்தான் கிரப் ரெஸ்க்யூ என்ற கருப்புத் திரை. விண்டோஸிலிருந்து ஒரு லாஜிக்கல் பார்ட்டிஷனை அழித்தால், அதற்குப் பின்னால் இருப்பவற்றின் எண் ஒவ்வொன்றாகக் குறையும். 7-ஆவதில் தன் கோப்புகள் இருப்பதாக நினைக்கும் கிரப், 6-இல் இருக்கும் அவற்றைத் தேடத் தெரியாமல், அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை என்று நின்றுவிடும். கோப்புகளுக்கு இதில் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் திரையிலேயே எல்எஸ் என்று தட்டினால் இருக்கும் பார்ட்டிஷன்கள் வரிசையாக வரும்; ஒவ்வொன்றாகப் பார்த்து, பூட் கோப்புறை உள்ளதை ரூட்டாகவும், அதற்குள் உள்ள கிரப் கோப்புறையைப் பிரீஃபிக்ஸாகவும் அமைத்து, நார்மல் என்ற தொகுதியை ஏற்றி இயக்கினால் வழக்கமான மெனு வந்துவிடும். லினக்ஸுக்குள் போனபின் கிரப்பை மறுபடி நிறுவிக்கொள்ளலாம். மெனுவில் விண்டோஸ் மட்டும் காணாமல் போனால், 2021-இல் வந்த கிரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதை நினைவில் கொள்ள வேண்டும்; கிரப் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டால் சரியாகிவிடும்.

உண்மையிலேயே ஒரு பார்ட்டிஷன் அழிக்கப்பட்டிருந்தால் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் பெரிய துணை. அது அட்டவணையை நம்பாமல் வன்தட்டையே துழாவி, கோப்பு முறைமைகளின் தலைப்புகளை அடையாளம் கண்டு, எங்கே என்ன இருந்தது என்று சொல்கிறது. கண்டெடுத்த பார்ட்டிஷனில் பி விசையை அழுத்தினால் அதன் கோப்புகள் பட்டியலாகத் தெரியும். பட்டியல் தெரியாத ஒன்றை நான் அட்டவணையில் எழுதச் சொல்வதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன பார்ட்டிஷனின் மிச்சங்களையும் அது நேர்மையாகக் கண்டெடுத்துக் காட்டும். கோப்புகளை முதலில் வேறு வன்தட்டுக்கு நகலெடுத்துவிட்டு, அதன் பிறகே எழுதச் சொல்ல வேண்டும்.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் இரட்டை பூட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. எம்பிஆர் வன்தட்டில் நான்கு பிரைமரிகளும் நிரம்பியிருக்கும்போது ஐந்தாவதை உருவாக்கச் சொன்னால், வன்தட்டை டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா என்று அது கேட்கும். சம்மதித்தால் எம்பிஆரில் உள்ள பதிவுகள் வகை 42 என்று மாறிவிடும். லினக்ஸ் கருவிகள் அவற்றைச் சாதாரணப் பார்ட்டிஷன்களாகக் கையாள முடியாது. விண்டோஸோ கோப்புகளை அழிக்காமல் பழைய நிலைக்குத் திரும்ப வழி தருவதில்லை. அந்தக் கேள்விக்கு எப்போதும் வேண்டாம் என்பதே விடை. இன்னொன்று, தனக்குப் புரியாத லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு விண்டோஸ் ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்துவிட்டு, பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று கேட்கும் செய்தி. வீட்டில் வேறொருவர் கணினியில் உட்கார்ந்திருக்கும்போது இந்தச் செய்தி வந்தால் ஒரே கிளிக்கில் லினக்ஸ் போய்விடும். ஆகவே அந்த டிரைவ் எழுத்தை நீக்கிவிடுவது நல்லது.

இடம் பிரிக்கும்போது சி டிரைவை விண்டோஸுக்குள்ளிருந்தே சுருக்க வேண்டும் என்பது என் நிலையான வழக்கம். நிறைய இடம் காலியாக இருந்தும் பாதிக்கு மேல் சுருங்க மறுத்தால், இடம்பெயர்க்க முடியாத கோப்புகள் நடுவில் இருக்கின்றன என்று பொருள். ஹைபர்னேஷனையும் பேஜ் கோப்பையும் தற்காலிகமாக நிறுத்தி மறுதொடக்கம் செய்தால் பெரும்பாலும் வழி கிடைக்கும். விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிரந்தரமாகவே நிறுத்திவிட வேண்டும். அது இயங்கும்போது ஷட் டவுன் என்பது உண்மையான ஷட் டவுன் அன்று. கெர்னலின் நிலை வன்தட்டில் உறைந்து கிடக்கும், என்டிஎஃப்எஸ் பாதி மூடிய நிலையில் இருக்கும். லினக்ஸ் அதில் எழுத மறுப்பது நம் கோப்புகளின் நலனுக்காகத்தான். அந்த மறுப்பைக் கட்டாயப்படுத்தி மீறச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம்.

லினக்ஸ் பக்கத்தில், ஸ்வாப் பார்ட்டிஷனை அழித்துப் புதிதாக உருவாக்கினால் யுயுஐடி என்ற அதன் அடையாள எண் மாறிவிடும். பூட்டின்போது இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழையதே இருந்தால், லினக்ஸைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி ஒவ்வொரு பூட்டிலும் அந்தப் பழைய ஸ்வாப்புக்காக 1 நிமிடம் 30 விநாடி காத்திருக்கும். வன்தட்டு பழுதாகிவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிடும் இந்தத் தாமதத்துக்கு, ஒரு வரியைத் திருத்துவதே மருந்து.

புதிய கணினிகளில் உள்ள ஜிபிடி முறையில் இவற்றில் பாதி எழுவதே இல்லை. 128 பதிவுகளுக்கு இடம் உண்டு, எக்ஸ்டெண்டட் இல்லை, சங்கிலி இல்லை. அட்டவணையின் மறுநகல் வன்தட்டின் கடைசியில் இருக்கிறது. தவறு நேர்ந்தால் கண்டுகொள்ள சிஆர்சி சரிபார்ப்பும் இருக்கிறது. சிறிய வன்தட்டைப் பெரியதற்கு நகலெடுத்த பிறகு, மறுநகல் கடைசியில் இல்லை என்று ஜிபார்டெட் சொல்லித் திருத்தட்டுமா என்று கேட்டால், தாராளமாகச் சம்மதிக்கலாம். அங்கே நான் அஞ்சுவது இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷனைப் பற்றி மட்டும்தான்: நிறுவும்போது அதை ஃபார்மட் செய்துவிட்டால் விண்டோஸின் பூட் கோப்புகளும் சேர்ந்து போய்விடும். வன்தட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கும் கணினியானால், எதையும் தொடுவதற்கு முன் மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆசிரியர், இவ்வளவு நல்லதாக இருந்தால் தன் கணினியையும் ஜிபிடிக்கு மாற்றிவிடலாமே என்று கேட்டார். விண்டோஸ் 10-இல் உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவி, எக்ஸ்டெண்டடும் லாஜிக்கலும் இருக்கும் வன்தட்டை ஏற்பதில்லை. எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவதே எளிய வழி; 2 டிபிக்குக் கீழ் உள்ள வன்தட்டில் அதற்கான தேவையும் இல்லை. பழைய உபுண்டு இருந்த அதே பார்ட்டிஷனில் புதிய பதிப்பை நிறுவி, டி டிரைவை அப்படியே விட்டு, வன்தட்டின் நலத்தைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் இடம்மாற்றப்பட்ட செக்டர்கள் சுழியம் என்பதையும் பார்த்துக்கொண்டு, திருத்திய அட்டவணையின் டம்ப் கோப்பை அவருடைய மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்தேன்.